ஹெல்மாரின் கடைசிக் கதவு

கல்யாணம் முடித்த முதல் வருட நோன்பில் ஒரு நாள், நோன்பு திறக்க மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் ஸப்ரி டீவிக்கு முன்னாலிருந்து எழும்பவில்லை. பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கொன்ட்ரோலரை அழுத்திக்கொண்டிருந்தான். மேசையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. முஸ்பிறா சுவரடிக்குப் போய் பிளக்கைக் கழற்றினாள். அவனோடு சேர்ந்து இணையத்தில் விளையாடிக்கொண்டிருந்த கூட்டாளிமார் எல்லாரும் அந்த நிமிடமே தோற்றுப்போனார்கள். மறுநாள் கல்முனை டவுனில் அவனுடைய போன் கடையில் இதுதான் பேச்சு. ஸப்ரியே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சாய்ந்தமருதில் கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், சுனாமிக்குப் பிறகு முஸ்பிறாவின் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு அது. நற்பிட்டிமுனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தபோது ஸப்ரி இரண்டு சூட்கேசும் ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்தான். சூட்கேஸ்கள் கட்டிலுக்கடியில் போயின. கேம் பெட்டி மட்டும் ஹோலின் நடுவில் இடம் பிடித்தது. முஸ்பிறா சம்மாந்துறையில் ஆங்கில டிப்ளோமா முடித்தவள். ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று பார்த்திருந்து, வராமல் போக, கேக் அடிக்கப் பழகிக்கொண்டாள். கல்யாண ஓடரும் பிறந்தநாள் ஓடரும் கிடைத்தன. அவள் நிறைய வாசிப்பாள். ஆனால் விண்வெளிக் கப்பல், துப்பாக்கி, இயந்திர அரக்கன் என்றாலே அவளுக்கு ஆகாது. பெரிய ஆண்பிள்ளைகள் சிறுபிள்ளையாவதற்குக் கண்டுபிடித்த வேலை அது என்பது அவளுடைய முடிவு.

ஸப்ரி பைத்தியமாக இருந்த கேமின் பெயர் ஹெல்மார். பூமியிலிருந்து வெகு தூரத்தில் ஒரு சந்திரன். அதன் நிலத்துக்கடியில் மனிதர்கள் நகரம் கட்டி வாழ்கிறார்கள். சுரங்கம் தோண்டக் கொண்டுபோன இயந்திரங்கள் ஒருநாள் அவர்களுக்கு எதிராகத் திரும்புகின்றன. நகரத்தின் பெருங்கதவை யாரோ பூட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு உள்ளே இருந்தவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. விளையாடுகிறவர் பூமியிலிருந்து போகும் படைவீரர். கதவைப் பூட்டிய துரோகியைப் பிடித்துக் கதவைத் திறக்க வேண்டும். துரோகியின் பெயர் நேஸா. நகரத்தின் தண்ணீருக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

ஸப்ரிக்கு வந்த நோயை முதலில் காட்டிக்கொடுத்ததே இந்தக் கேம்தான். எப்போது பார்த்தாலும் இடப்பக்கத்திலிருந்து வரும் எதிரி அவனைச் சுட்டுவிட்டுப் போனான். கூட்டாளிமார் கேலி பண்ணினார்கள். கேமைப் புதிதாக மாற்றிக் கஷ்டமாக்கிவிட்டார்கள் என்று அவன் சொல்லித் திரிந்தான். பிறகு ஒருநாள் கடை வாசலில் இடப்பக்கமாக வந்த சைக்கிளில் மோதி விழுந்தான். அவனுடைய மச்சானும் கடைப் பங்காளியுமான றஸாக்தான் கையோடு கொழும்புக்குக் கூட்டிப்போனான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய் என்றார்கள். போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். மருந்து விட்டார்கள், சத்திரசிகிச்சை செய்தார்கள். நோய் கேட்கவில்லை. அடுத்த நோன்பு வருமுன் ஸப்ரிக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சின.

வாயாடி மனிதன் அவன். கடைக்கு வரும் ஆளின் போனைத் திருத்திக் கொடுப்பதற்குள் அந்த ஆளின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவான். அப்படிப்பட்டவன் வாய் மூடிப்போனான். கடைக்குப் போகவில்லை. ஐவேளை தொழுதான், கொடுத்ததைத் தின்றான், ஜன்னலடிக் கதிரையில் இருந்தான். முஸ்பிறா தானாகவே ஒரு துணியை எடுத்துக் கேம் பெட்டியை மூடிவைத்தாள். அந்தப் பெட்டியின் சத்தம் இல்லாத வீடு இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றஸாக் வந்தான். கையில் தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் மூன்று. கட்டாரிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கொண்டுவந்ததாம். ஹெல்மார் கேமை வைத்து எழுதின நாவல்கள். கேம் தொடங்குவதற்கு முன்னால் அந்த நகரத்தில் நடந்த கதை. ஸப்ரி ஒன்றை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தான். எழுத்துகள் அதில் புடைத்திருந்தன.

“பின்னுக்கு என்ன எழுதிரிக்கி?” என்று கேட்டான்.

பல வாரங்களுக்குப் பிறகு அவன் தானாகக் கேட்ட கேள்வி அது. முஸ்பிறா புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையை வாசித்துத் தமிழில் சொன்னாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். முதல் பக்கத்தையும் திறந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கேக் அவணில் இருக்கும் நேரம் வாசிப்பு நேரமானது. ஆங்கிலத்தில் வாசித்து, வசனம் வசனமாக ஊர்த் தமிழில் சொல்லுவாள். முதலில் அது அவளுக்குக் கடமைதான். காற்றில்லாத வெளிக்குப் போகும் இரட்டைக் கதவுக்கும் அதன் நடுவிலிருக்கும் சின்ன அறைக்கும் என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல் தடுமாறினாள். சண்டை வரும் இடங்களில் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனாள். கண் தெரியாதவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தாள்.

“நீ நடுவுல எதையோ உட்டுட்டாய்,” என்றான் ஸப்ரி. “இப்பதான் அவங்க கப்பலுக்குள்ள இருந்தாங்க. எப்புடி வெளிய வந்தாங்க?”

“சண்டைதானே. சுட்டாங்க, செத்தாங்க. அதுல கேக்க என்ன இரிக்கி?”

“ஆர் செத்த எண்டு தெரிய வேணாமா?”

முஸ்பிறா முணுமுணுத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பிப் பின்னுக்குப் போனாள். அவன் சொன்னது சரிதான். அவள் தாண்டின பக்கத்தில் சமையல்காரக் கிழவன் ஒருவனின் மகன் செத்திருந்தான். அது தெரியாமல் அடுத்த அத்தியாயத்தில் கிழவன் ஏன் அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்கிறான் என்று விளங்கியிருக்காது. அன்றிலிருந்து ஒரு வரியையும் அவள் விடவில்லை.

அவளை முழுதாக இழுத்துப் பிடித்தவள் நேஸா. முதல் புத்தகத்தின் நடுப்பகுதியில்தான் வருகிறாள். பெரிய வீரமெல்லாம் இல்லை. நிலத்துக்கடியில் ஓடும் குழாய்களை ஸ்பெனரால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே எங்கே தண்ணீர் நிற்கிறது என்று சொல்லுகிற பெண். தண்ணீர் குறைந்த காலத்தில் பெரிய மனிதர்களின் வீட்டுக் குழாயையும் மற்ற வீடுகளைப் போலவே பூட்டினவள். அதனால் எல்லாரிடமும் ஏச்சு வாங்கினவள். முஸ்பிறா அந்த அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்த அன்று மாவடிப்பள்ளிக் கல்யாணம் ஒன்றின் கேக் கருகிப்போனது. இரண்டாவது தரம் அடித்துக் கொடுத்தாள். கவலைப்படவில்லை.

இதற்கிடையில் அவள் ஒரு களவும் செய்யத் தொடங்கினாள். காலையில் ஸப்ரிக்குத் தெரியாமல் குசினியில் இருந்து அடுத்த அத்தியாயத்தை வாசித்துவிடுவாள். பின்னேரம் புதிதாக வாசிப்பது போல வாசிப்பாள். இரண்டாம் நாளே பிடிபட்டாள்.

“இது முதல்லயே வாசிச்சிட்டாய்,” என்றான் ஸப்ரி. “அவன் கதவத் துறக்க முதலே உன்ட குரல் பயப்படுது.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்று மதில் தாண்டி வந்து பார்த்தவள் முஸ்பிறாவின் ராத்தா றுகையா. பக்கத்து வீடு. மார்க்கப் பற்றுள்ள, கண்டிப்பான மனுசி. தங்கச்சியின் கையில் விண்கப்பல் படம் போட்ட புத்தகத்தைக் கண்டதும் அவளுக்கு முகம் மாறிப்போனது. கண் போன மனிசனுக்குக் குர்ஆன் ஓதிக் காட்ட வேண்டியதை விட்டுவிட்டு இது என்ன துப்பாக்கிக் கதை என்று கேட்டாள். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஓதுகிறார்கள் என்றும், இது அஸருக்குப் பிறகு என்றும் முஸ்பிறா சொன்னாள். றுகையா திருப்திப்படவில்லை. ஆனாலும் போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அடுத்த நாள் அவள் வந்தபோது கையில் உரிக்க வெங்காயம் இருந்தது. அதற்கடுத்த நாள் கதிரையில் இருந்தாள்.

இரண்டாவது புத்தகத்தில் புருசன் பெண்சாதிக்குள் சண்டை மூண்டது. நேஸா துரோகி என்று ஸப்ரி சாதித்தான். கேமில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அவள்தான் கதவைப் பூட்டி, வெளியில் நின்ற படைவீரர்களை இயந்திரங்களுக்குத் தின்னக் கொடுத்தவள். முஸ்பிறா ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் வாதம் நடந்தது. றஸாக்கும் அவனோடு வந்த கேம் பையன்கள் சிலரும் ஸப்ரியின் கட்சி. றுகையா யாருடைய கட்சியென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டவள் அப்படிச் செய்திருப்பாளா என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது புத்தகம் முடிகிற அன்று வெளியில் மாரி மழை. இயந்திரங்கள் நகரத்தை நெருங்குகின்றன. சத்தத்தைத் தேடித்தான் அவை வருகின்றன என்று நேஸா மட்டும் கண்டுபிடிக்கிறாள். ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு, மூச்சுச் சத்தமும் வெளியில் கேட்காதபடி பெருங்கதவைப் பூட்டுகிறாள். அவள் நிற்பது இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன அறையில். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கதவைப் பூட்டின திறப்பு அவள் கையில். புத்தகம் அங்கே முடிகிறது.

முஸ்பிறா கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு விளம்பரம்தான். கோபத்தில் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள். மிச்சம் கேமில் இருக்கும் என்று கூட இருந்து கேட்ட றஸாக் சொன்னான். அவன் முடித்தவன். ஸப்ரி கடைசிக் கட்டத்துக்கு வந்து நிற்கும்போதுதான் கண் போனது. அதனால் அவனுக்கும் முடிவு தெரியாது. யூடியூபில் முழுவதும் கிடக்கிறதென்று ஒரு பையன் போனை நீட்டினான்.

“வேணாம்,” என்றாள் முஸ்பிறா. “கடைசிப் பக்கத்த முதல்ல பாக்கிற ஆள் இல்ல நான். அது வேற ஆரோ விளையாடின முடிவு. எனக்கு என்ட முடிவு வேணும்.”

அவள் எழும்பிப் போய்க் கேம் பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தாள். ஸப்ரி கதிரையில் நிமிர்ந்து இருந்தான். பிளக் போகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

முதலிலிருந்தே தொடங்கி அவள் விளையாடின அழகைச் சொல்லி முடியாது. முதல் பாலத்தைத் தாண்டவே நாட்கள் போயின. நடக்கச் சொன்னால் குதித்தாள், ஒளியச் சொன்னால் சுட்டாள். சுவரைப் பார்த்து நின்று, எதிரி எங்கே என்று கேட்டாள். ஸப்ரி பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ஸ்பீக்கர் இரண்டையும் தன் காதுக்கு நேராக வைக்கச் சொன்னான். கண் இருந்த காலத்தில் அவன் கவனியாத சத்தங்கள் எல்லாம் இப்போது கேட்டன. எந்த இயந்திரம் ஓடிவருகிறது, எது நின்று குறிபார்க்கிறது, எது துப்பாக்கிக்குக் குண்டு போடுகிறது என்று பிரித்துச் சொல்ல அவனால் முடிந்தது.

“சோத்துக்கைப் பக்கம் கிறுகு. இன்னும் கொஞ்சம். அவன் தூணுக்குப் பின்னால நிக்கான். இப்ப குனி. குண்டு போடுறான், இப்ப சுடு.”

அவள் வலப்பக்கம் திரும்பினாள், குனிந்தாள், சுட்டாள். அது விழுந்தது. முதன்முதலாக ஒரு இயந்திரத்தை விழுத்தின அன்று அவள் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஸப்ரி மெல்ல மெல்லத் திரும்பி வந்தான். றஸாக்கின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் காலையில் கடைக்குப் போகத் தொடங்கினான். ஸ்பீக்கர் கரகரக்கும் போனைக் காதில் வைத்தே பழுது எங்கே என்று சொன்னான். வந்தவர்களின் குடும்பக் கதைகளைக் கேட்டான். பின்னேரமானால், வீட்டில் வேலை இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு எழும்பிவிடுவான். அந்த வேலை என்னவென்று கடையில் எல்லாருக்கும் தெரியும்.

கடைசிக் கட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினார்கள். பாதியில் கரண்ட் போனது. போனதெல்லாம் போய், அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவந்தது. சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு மறுபடி இருந்தார்கள். செய்தி கேட்டு ஹோல் நிறைய ஆட்கள். றுகையா ஒரு தட்டில் பற்றீஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள்.

பெருங்கதவுக்குப் போகும் சுரங்கப்பாதை முழுக்க நீராவி. திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் எல்லாப் பக்கமும் சுட்டுக்கொண்டு ஓடித்தான் தப்பியதாக றஸாக் சொன்னான். ஸப்ரி கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னான். தலை குனிந்து காது கொடுத்தான். ஒரு குண்டும் செலவழிக்காமல், நில், நட, சுவரோடு ஒதுங்கு, இப்போது ஓடு என்று மெல்லிய குரலில் சொல்லிச் சொல்லி, இயந்திரங்களுக்கு நடுவால் பெண்சாதியைக் கூட்டிப்போனான். கண் உள்ள அத்தனை பேரும் அவனையே பார்த்திருந்தார்கள்.

நீராவி விலகியது. வெளிக்கதவு திறந்திருந்தது. உள்ளே சின்ன அறையில் நேஸா நின்றாள். மெலிந்துபோன முகம். ஒரு கையில் திறப்பு, மறுகையில் துப்பாக்கி. துப்பாக்கி முஸ்பிறாவைப் பார்த்து நீண்டிருந்தது.

“சுடு தங்கச்சி, சுடு,” என்றான் றஸாக். “இல்லாட்டி அவ சுட்டுருவா.”

பையன்களும் அதையே சொன்னார்கள். எல்லாரும் அப்படித்தான் விளையாடியிருந்தார்கள். நேஸாவைச் சுட்டு, திறப்பை எடுத்து, கதவைத் திறந்தால் பின்னாலே வரும் இயந்திரங்களும் உள்ளே புகுந்துவிடும். நகரம் அழிந்து, படைவீரர் மட்டும் தனியாகத் திரும்பி வருவார். அந்தக் கேமின் முடிவே அதுதான் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

முஸ்பிறா சுடும் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். “என்ன செய்யிற?” என்று ஸப்ரியைக் கேட்டாள்.

“இதுல சத்தம் ஒண்டும் இல்ல, நான் செல்லித் தர,” என்றான் அவன். “நீதான் அவளப் படிச்சவள். நீயே முடிவெடு.”

அவள் துப்பாக்கியைக் கீழே போடும் பட்டனை அழுத்தினாள்.

நேஸா சுடவில்லை. அவளும் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். விரலை உதட்டில் வைத்துப் பேசாதே என்று காட்டினாள். வெளிக்கதவைச் சாத்தினாள். குழாய் ஒன்றை ஸ்பெனரால் தட்டிவிட்டு, நகரத்தின் தண்ணீர் முழுவதையும் தூரத்துச் சுரங்கம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டாள். தண்ணீர் விழும் அந்தப் பெரும் இரைச்சலை நோக்கி இயந்திரங்கள் எல்லாம் போயின. அவற்றின் காலடிச் சத்தம் முற்றாக அடங்கும்வரை நின்றாள். பிறகு உள்கதவின் பூட்டில் திறப்பைப் போட்டாள்.

ஹோலில் எல்லாரும் றஸாக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். றஸாக் இதைக் கண்டதே இல்லை.

“என்ன நடக்கிது?” என்றான் ஸப்ரி. “செல்லு புள்ள, என்ன நடக்கிது?”

முஸ்பிறா வாசிக்கிற குரலில் சொல்லத் தொடங்கினாள். கதவு திறக்கிறது. உள்ளே இருட்டு. இல்லை, ஒரு விளக்கு. பின்னால் இன்னொன்று. ஆட்கள் வருகிறார்கள், நிறையப் பேர், உயிரோடு. முன்னுக்கு வருகிறவன் அந்தச் சமையல்காரக் கிழவன், தாடி வளர்ந்திருக்கிறது. இரண்டாவது புத்தகத்தில் பிறந்த பெண்பிள்ளை இப்போது நடந்து வருகிறாள், தாயின் கையைப் பிடித்திருக்கிறாள். நேஸாவை ஏசின அந்தப் பெரிய மனிதர் அவளுக்கு முன்னால் வந்து நிற்கிறார், தலை குனிந்திருக்கிறார். எல்லாரையும் அவள் பெயர் சொல்லி அடையாளம் காட்டினாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை, குரலை நிறுத்தவும் இல்லை. ஸப்ரி முகத்தை அவள் பக்கம் திருப்பி, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சின்னப் புள்ள தப்பிட்டாள்,” என்றாள் றுகையா.

அதன் பிறகுதான் வீடு அதிர்ந்தது. பையன்கள் கதிரைகளில் ஏறிக் கத்தினார்கள். றஸாக் ஸப்ரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தான் வீணாக ஒரு நகரத்தையே அழித்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒழுங்கையில் போனவர்கள் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறதென்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்த முடிவைக் கண்ட முதல் ஆள் முஸ்பிறா இல்லை. உலகத்தில் முன்பே சிலர் கண்டிருக்கிறார்கள் என்று பையன்கள் பிறகு தேடிப்பார்த்துச் சொன்னார்கள். ஆனால் மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை, எங்கள் கரையில் அவள்தான் முதல். எப்படிக் கதவைத் திறந்தீர்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: மூன்று புத்தகத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் விளங்கவில்லை என்றார்கள். அப்படியானால் வந்து இருங்கள் என்றாள். இப்படித்தான் அவளுடைய ஆங்கில வகுப்பு தொடங்கியது. பாடப்புத்தகம் ஹெல்மார். முதலில் பையன்கள் வந்தார்கள், பிறகு அவர்களின் தங்கச்சிமார் வந்தார்கள். இப்போது ஹோலில் இடம் போதாமல் முற்றத்தில் தகரக் கூரை இறக்கியிருக்கிறார்கள். கேக் ஓடர்களை றுகையாவின் மகளிடம் கொடுத்துவிட்டாள்.

போன கிழமை நான்காவது புத்தகம் கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. கதவு திறந்த பிறகு அந்த மக்களுக்கு என்ன நடந்தது என்ற கதை. அஸருக்குப் பிறகு எல்லாரும் வந்து பாயில் இருந்தார்கள். ஸப்ரி குசினியில் நின்று, தானே கேத்தலைத் தூக்கி, ஒவ்வொரு கோப்பையாக விரல் வைத்துப் பார்த்து பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தான். தான் வருமுன் தொடங்க வேண்டாம் என்று அங்கிருந்து சத்தம் போட்டான். முஸ்பிறா அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, அவன் தட்டோடு வரும்வரை காத்திருந்தாள்.